90 நாள்களுக்குப் பிறகு: வேலையிழப்பு உதவித்தொகையை நீட்டிக்க முடியுமா?

கேள்வி: ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள ஒரு காலணி ஆலையில் 2016 ஜூன் மாதம் முதல் தையல் பிரிவில் வேலை பார்த்தேன். கடைசியாக மாதம் 15,000 ரூபாய் சம்பளம்; அதில் இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் பிடித்தம் செய்தார்கள். நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 140 பேர் இருந்தோம். 2025 மார்ச் கடைசியில் ஆர்டர் இல்லை என்று சொல்லி ஆலையை மூடிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. நானும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. இ.எஸ்.ஐ. மூலம் வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகை 90 நாள்களுக்குக் கிடைத்தது. அந்தத் திட்டத்தை அரசு நீட்டித்துவிட்டது என்று செய்தியில் படித்ததும் மீண்டும் விண்ணப்பித்தேன். ஒருமுறை பெற்றவர்களுக்கு இனி கிடையாது என்று கிளை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஜனவரியிலிருந்து மனைவியின் தைராய்டு மாத்திரைக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மறுக்கிறார்கள். எனக்கு 41 வயது, பிற்படுத்தப்பட்ட வகுப்பு, பிளஸ் டூ படித்திருக்கிறேன். கிட்டத்தட்ட ஓராண்டாக நிலையான வேலை இல்லை. உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? சும்மா இருப்பவனுக்கு அரசு பணம் கொடுத்தால் அவன் வேலையே தேடமாட்டான் என்று என் மைத்துனர் எல்லார் முன்னாலும் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். தொழிலாளர் சட்டத்தில் வழக்காடும் வழக்கறிஞர் என்ற முறையில், உங்கள் கேள்வியின் நேரடியான பகுதிக்கு முதலில் பதில் தருகிறேன். நீங்கள் பெற்ற 90 நாள் தொகையை நீட்டித்துத் தரும்படி கேட்க இன்றைய விதிகளில் இடமில்லை. ஆனால், உங்கள் வேலை எப்படிப் போனது என்பதை வைத்துப் பார்க்கும்போது, அதைவிட நீண்ட காலத்துக்கு உதவி தரக்கூடிய மற்றொரு திட்டத்துக்கு நீங்கள் தகுதியுடையவராக இருக்க வாய்ப்பு இருக்கிறது. அதைக் குறித்து உங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

நீங்கள் பெற்றது ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ என்னும் திட்டத்தின் கீழான தொகை. இ.எஸ்.ஐ.யை நடத்தும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 2018 ஜூலை 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கான சோதனைத் திட்டமாக இதைத் தொடங்கியது. தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த தொகை, கொரோனா ஊரடங்கில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தபோது, 2020 மார்ச் 24 முதல் வேலை இழந்தோருக்கு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வேலை போய் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி ஒரு மாதமாகக் குறைக்கப்பட்டது. பழைய முதலாளியின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கி, தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்க வழி பிறந்தது. அதன் பிறகு திட்டத்தின் காலம் முடிய முடியப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள். நீங்கள் செய்தியில் படித்தது இந்த நீட்டிப்பைத்தான். புதிதாக வேலை இழப்பவர்கள் விண்ணப்பிப்பதற்கான கதவு இன்னும் சில காலம் திறந்திருக்கும் என்பதே அதன் பொருள். ஒரு தொழிலாளிக்கு அவர் வாழ்நாளில் மொத்தம் 90 நாள்கள் என்ற வரம்பை இந்த நீட்டிப்புகள் எவையும் தொடவில்லை. தலைப்புச் செய்தியில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. இதனால் ஏமாந்து கிளை அலுவலகத்துக்கு அலைந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர்.

உங்கள் ஊதியத்துக்கு அந்த 90 நாள்களில் ஏறத்தாழ 22,000 ரூபாய் வந்திருக்கும். வேலையின்றி ஓராண்டை நெருங்கும் ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பதை நீங்கள் எழுதாமலே அறிவேன்.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். இதே காப்பீட்டுக் கழகத்திடம் 2005 ஏப்ரல் 1 முதல் ‘ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா’ என்ற மற்றொரு திட்டம் இருக்கிறது. ஆலை மூடப்பட்டதாலோ, ஆட்குறைப்பினாலோ, பணியோடு தொடர்பில்லாத காயத்தால் ஏற்பட்ட நிரந்தர உடல் இயலாமையினாலோ வேலையிழந்த காப்பீட்டாளர்களுக்கு மட்டும் உரியது அது. தொடங்கியபோது ஆறு மாதத்துக்கு மட்டுமே உதவி தந்த அத்திட்டம், பின்னர் ஓராண்டாகவும் அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாகவும் நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பு என்ற சொல்லுக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பொருள் இந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது: இங்கே நீண்டது தொழிலாளிக்குக் கிடைக்கும் காலம். முதல் ஆண்டில் ஊதியத்தின் பாதி உதவித்தொகையாகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடரும். கழகத்தின் செலவில் தொழிற்பயிற்சி பெறவும் வழியுண்டு. குறிப்பிட்ட ஆண்டுகள் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிடித்தம் செய்யப்பட்ட உங்களுக்கு அது தடையாக இருக்காது.

அப்படியானால் கிளை அலுவலகத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் பதிவைப் பார்த்தால் காரணம் தெரியும் என்று கருதுகிறேன். ஒவ்வொரு மாதமும் முதலாளி இணையத்தில் பங்களிப்பைப் பதிவு செய்யும்போது, ஒரு தொழிலாளிக்கு அந்த மாதத்தில் வேலைநாள் எதுவும் இல்லையென்றால் அதற்கான காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பணியை விட்டு விலகினார், ஓய்வு பெற்றார், விடுப்பில் உள்ளார், வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு, ஆட்குறைப்பு, வேலை இல்லை என்று அந்தப் பட்டியல் போகும். கணக்குப் பிரிவில் இருப்பவர் பெரும்பாலும் யோசிக்காமலும், சில இடங்களில் நன்றாக யோசித்தும், ‘பணியை விட்டு விலகினார்’ என்பதையே அழுத்திவிடுகிறார். ஆட்குறைப்பு என்று பதிந்தால் இழப்பீடு, முன்னறிவிப்பு, அரசின் அனுமதி ஆகியவற்றைப் பற்றிக் கேள்விகள் எழும். விலகினார் என்று பதிந்தால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்த ஒரு பதிவினால், இரண்டு ஆண்டு உதவிக்குத் தகுதியுள்ள ஒருவர் கணினித் திரையில் தானாக வேலையை விட்டுச் சென்றவராக மாறிவிடுகிறார். நீண்டகாலம் வேலையின்றி இருப்போருக்கான உதவியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தொகையையும் காலத்தையும் பற்றியே பேசுகிறார்கள். நான் கையாண்ட கோப்புகளிலிருந்து சொல்வதானால், உதவி எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, வேலை போன காரணத்தை யார் எப்படி எழுதினார்கள் என்பதுதான்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, வேலை போன காரணத்தை மெய்ப்பிக்கும் சான்றுகளைத் திரட்டுவது. நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை என்பது மிகப் பெரிய பலம். ஆலைகள் மூடும் தறுவாயில் விலகல் கடிதத்திலோ விருப்ப ஓய்வுப் படிவத்திலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. 2014 நவம்பரில் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றபோதும், அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் வழியாக வெளியேறியிருந்தார்கள். அப்படிக் கையெழுத்திட்டவர்களுக்கு ஆட்குறைப்புக்கான சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் கைநழுவிப் போய்விடும். காப்பீட்டுக் கழகத்தின் உதவித்தொகைக்கும் விருப்ப ஓய்வு தடையாகும். இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாரேனும் இப்போது அந்த நிலையில் இருந்தால், கையெழுத்திடுவதற்கு முன் படிவத்தை ஒரு தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் ஆலையில் 140 நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலையிழந்த நாளில் நடைமுறையில் இருந்தது 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம். நூறு பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் தொழிற்சாலையை மூடுவதென்றால் 90 நாள்களுக்கு முன்பாகவே அரசிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்று அதன் 25-ஓ பிரிவு சொல்கிறது. அப்படி அனுமதி பெறாமல் மூடினால் அந்த மூடல் சட்டவிரோதமானது. ஆலை மூடப்படவே இல்லை என்பதுபோலத் தொழிலாளிக்குரிய ஊதியமும் பிற பலன்களும் தொடர்ந்து சேர வேண்டும். அனுமதி பெற்று மூடியிருந்தாலும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரப்பட வேண்டும். ஆறு மாதத்தைக் கடந்த பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும். உங்கள் பணிக்காலம் எட்டு ஆண்டு பத்து மாதம் என்பதால் ஒன்பது ஆண்டுக் கணக்கு. ஏறத்தாழ 67,500 ரூபாய் வரும். இதற்கு அப்பால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. மாத ஊதியம் 15,000 ரூபாய் முழுவதும் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியுமாகவே இருந்தால், ஆண்டுக்கு மாத ஊதியத்தின் 26-இல் 15 பங்கு என்ற கணக்கில் அது ஏறத்தாழ 77,900 ரூபாய் ஆகிறது. சம்பளச் சீட்டில் வேறு படிகள் சேர்ந்திருந்தால் அவற்றைக் கழித்துக் கணக்கிடுங்கள். பணிக்கொடையை முப்பது நாள்களுக்குள் முதலாளி கொடுத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. இந்த இரண்டு தொகைகளைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவை உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றே புரிந்துகொள்கிறேன். அரசின் உதவித்தொகை நீளுமா என்று கவலைப்படும் பலர், தங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய இதைவிடப் பெரிய தொகை முதலாளியிடம் நிற்கிறது என்பதை அறியாமலே இருக்கிறார்கள்.

ஆலையை மூட அனுமதி கோரி விண்ணப்பம் வந்ததா, வந்திருந்தால் அதன் மீது என்ன ஆணை பிறப்பிக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறைக்கு எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் இதேபோன்ற ஒரு விண்ணப்பம் அனுப்பி, அந்த ஆலையின் உரிமம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். வரும் பதில் எதுவாக இருந்தாலும் அது உங்களுக்குப் பயன்படும். அனுமதி பெற்றிருந்தால் மூடல் அரசு ஆவணத்தாலேயே மெய்ப்பிக்கப்படும். பெறவில்லையென்றால், சட்டவிரோத மூடல் என்று வாதிடுவதற்கான அடிப்படை கிடைக்கும். இவற்றோடு கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, பி.எஃப். கணக்கு விவரம், ஆலை வாசலில் ஒட்டிய அறிவிப்பின் படம், மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள். உங்களோடு வேலையிழந்தவர்களில் பத்துப் பேராவது ஒன்றாகச் சேர்ந்து வந்தால் ஒருவரின் சான்று மற்றவருக்கு உதவும். தனித்தனியாகச் சென்றால் ஒவ்வொருவரும் தாமே விலகியவராகத்தான் தெரிவார்.

அதன்பின் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் வேலையிழப்புக் குறித்த மனுவைத் தாக்கல் செய்யுங்கள். நாற்பத்தைந்து நாள்களில் தீர்வு காணப்படாவிட்டால் நீங்களே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். பணிக்கொடைக்கு, அந்தச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாட்டு அதிகாரியாக உள்ள தொழிலாளர் துறை அதிகாரியிடம் தனி மனு கொடுக்க வேண்டும். காலவரம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. பழைய சட்டத்தில் வேலைநீக்கத்தை எதிர்த்து மூன்று ஆண்டுகளுக்குள் செல்லலாம் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றான தொழிலுறவுகள் தொகுப்பில் அது இரண்டு ஆண்டுகளாகக் குறைந்திருக்கிறது. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுசெல்ல வேண்டாம். 2027 மார்ச் வரை காத்திராமல், அடுத்த சில வாரங்களிலேயே மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். புதிய தொகுப்பின் கீழ் ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளர்களுக்காக முதலாளி 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதியில் (வேலையிழந்தவர் புதிய திறன் பெறுவதற்கான நிதி) செலுத்த வேண்டும் என்றும், அது 45 நாள்களுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும் என்றும் இருக்கிறது. நவம்பர் 21க்குப் பிறகு வேலையிழந்தவர்கள் இதையும் கேட்டுப் பெற வேண்டும். அதே தொகுப்பு, மூடலுக்கு அரசு அனுமதி தேவைப்படும் ஆலையின் அளவை நூறு தொழிலாளர்களிலிருந்து முந்நூறாக உயர்த்தியிருக்கிறது. உங்கள் ஆலை போன்ற ஒன்றை இன்று மூடுவதற்கு அந்த அனுமதி தேவையில்லை என்பது எனக்குக் கவலை தருகிறது.

மருந்து மறுக்கப்பட்டதன் காரணம் எளிது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பங்களிப்புக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் என்பது இ.எஸ்.ஐ. கணக்கு. 2025 மார்ச்சோடு உங்கள் பங்களிப்பு நின்றதால், டிசம்பர் 31 அன்று மருத்துவ உரிமையும் முடிந்துவிட்டது. ராஜீவ் காந்தி திட்டத்தில் உங்கள் மனு ஏற்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்கும். அதுவரை மனைவியின் சிகிச்சையை அரசு மருத்துவமனையில் தொடருங்கள். தைராய்டு மாத்திரையை இடையில் நிறுத்தக் கூடாது.

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை உங்களுக்குப் பயன்படாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்தவர்களுக்கு, மூன்று ஆண்டுகள் வரை வழங்கப்படும் அத்தொகையைப் பெற, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் தவிர்த்த மற்றவர்களுக்கு 40 வயது வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை நீங்கள் கடந்துவிட்டீர்கள். கடக்காவிட்டாலும் பிளஸ் டூ தேர்ச்சி பெற்றவருக்கு மாதம் 400 ரூபாய்தான்; பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் ஓராண்டுப் பதிவே போதும், பத்தாண்டுகள் வரை உதவி உண்டு, தொகையும் சற்று அதிகம். உங்கள் வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். நாற்பது வயதுக்கு மேல் ஆலை மூடி வேலையிழந்தவருக்கு மீண்டும் வேலை கிடைப்பதுதான் எல்லாரையும்விடக் கடினம். அவரைத்தான் இந்த வயது வரம்பு வெளியே நிறுத்துகிறது. இந்த விதி மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பி.எஃப். பற்றி ஒன்று மட்டும். அவசரத்தில் ஓய்வூதியக் கணக்கில் உள்ள தொகையை எடுத்துவிடாதீர்கள். பத்தாண்டுப் பணி நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வரும். நீங்கள் அதற்கு மிக அருகில் நிற்கிறீர்கள். அடுத்த வேலையில் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) தொடர்ந்தால் பழைய ஆண்டுகளும் சேரும்.

உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்க உரிமை இருக்கிறதா என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய நிலைகளில் அரசு தன் பொருளாதார வல்லமைக்கு உட்பட்டுப் பொது உதவி வழங்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடு. நீதிமன்றத்தின் வழியாக நேரடியாக நிறைவேற்றிக்கொள்ள முடியாதது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 102ஆம் உடன்படிக்கை, வேலையின்மை உதவி பன்னிரண்டு மாத காலத்தில் 13 வாரங்களுக்காவது கிடைக்க வேண்டும் என்று குறைந்தபட்ச அளவை வகுத்தது. இந்தியா அதில் கையொப்பமிட்டு ஏற்கவில்லை. 13 வாரம் என்பதும் நம் 90 நாள் என்பதும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும். அங்கே பன்னிரண்டு மாதத்துக்குச் சொன்னதை இங்கே ஒரு வாழ்நாளுக்கு வைத்திருக்கிறோம். முப்பது வயதில் ஒருமுறை வேலையிழந்து இந்தத் தொகையைப் பெற்றவர், ஐம்பது வயதில் மீண்டும் வேலையிழந்தால் அவருக்கு எதுவும் இல்லை. இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் அவர் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் பங்களிப்பாகப் போயிருக்கும். எனவே அந்தத் தொகை உங்களுக்கு யாரும் இட்ட தருமம் ஆகாது. நீங்களும் சேர்ந்து கட்டிய காப்பீட்டிலிருந்து வந்தது. இதை உங்கள் மைத்துனருக்கும் சொல்லுங்கள்.

அவருடைய கருத்தும் புதிதில்லை. உதவியை நீட்டித்தால் சோம்பல் வளரும் என்ற வாதம் அமெரிக்காவில் மிகப் பெரிய அளவில் அரங்கேறியது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரம் கிடைக்கும் வேலையின்மை உதவி, 2008 நெருக்கடிக்குப் பிறகு படிப்படியாக நீட்டிக்கப்பட்டு, சில மாநிலங்களில் 99 வாரம் வரை சென்றது. 2013 டிசம்பர் 28 அன்று அந்த அவசரகால நீட்டிப்பு முடிவுக்கு வந்தபோது ஏறத்தாழ 13 இலட்சம் பேருக்கு ஒரே நாளில் உதவி நின்றது. மீண்டும் நீட்டிக்கும் மசோதாவை 2014 ஏப்ரலில் செனட் நிறைவேற்றியது; மக்கள் பிரதிநிதிகள் அவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. நீட்டிப்பு வேலையின்மையை எவ்வளவு கூட்டியது என்று பொருளியலாளர் ஜெஸ்ஸி ரோத்ஸ்டீன் 2011இல் ஆராய்ந்தார். வேலையின்மை விகிதத்தில் அதன் பங்கு அதிகபட்சம் அரை விழுக்காட்டுப் புள்ளி அளவுதான் என்றும், அதிலும் குறைந்தது பாதி, மனம் தளர்ந்து வேலை தேடுவதையே நிறுத்தியிருக்கக் கூடியவர்கள் தொடர்ந்து தேடியதால் வந்தது என்றும் அவர் கண்டார். வேலை தேடுகிறவரைத்தான் புள்ளிவிவரம் வேலையில்லாதவராக எண்ணும் என்பதை நினைவில் கொண்டால் இது புரியும். உதவி கிடைத்தவர் தேடலைக் கைவிடவில்லை.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், கோரி குரோஃப்டும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்க நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வேலையின்றி இருந்த காலம் கூடக் கூட, நேர்காணலுக்கு அழைப்பு வருவது குறைந்தது. முதல் எட்டு மாதங்களில் அந்தச் சரிவு மிகக் கூர்மையாக இருந்தது. விண்ணப்பதாரர்கள் கற்பனை மனிதர்கள் என்பதால் அவர்களில் யாரையும் சோம்பேறி என்று சொல்ல வழியில்லை. வேலையில்லாத காலத்தின் நீளமே முதலாளிகளைத் தயங்க வைக்கிறது. ஓராண்டாக உங்களுக்கு வேலை அமையாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி இதில் எதுவும் இல்லை.

அதே காரணத்தால் வேலைத் தேடலில் ஒன்றைச் செய்யச் சொல்வேன். விண்ணப்பத்தில் இந்த ஓராண்டை வெற்றிடமாக விடாதீர்கள். இடையில் கூலிக்குச் செய்த தையல் வேலை, பழுதுபார்ப்பு, எதுவாக இருந்தாலும் குறிப்பிடுங்கள். ‘ஆலை மூடப்பட்டதால் வேலையிழப்பு, 2025 மார்ச்’ என்று காரணத்தையும் வெளிப்படையாக எழுதுங்கள். ஒன்பது ஆண்டுகள் காலணித் தையல் இயந்திரத்தில் உழைத்த அனுபவம் உங்கள் மாவட்டத்தில் விலைபோகாத ஒன்று அல்ல. வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் செல்லுங்கள். பிளஸ் டூ கல்வியைக் காட்டித் தையல் பிரிவு மேற்பார்வையாளர், தரப் பரிசோதகர் பணிகளையும் கேளுங்கள். தற்காலிக வேலை கிடைத்துச் சேர்ந்தால் அதைக் காப்பீட்டுக் கழகத்திடம் மறைக்காதீர்கள். மறைத்துப் பெற்ற தொகையைத் திரும்பக் கேட்பார்கள். உங்கள் நியாயமான மனுவும் கெட்டுவிடும்.

கிளை அலுவலகத்துக்குப் போகும்போது வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உங்கள் காப்பீட்டு எண், பணியில் சேர்ந்த நாள், ஆலை மூடப்பட்ட நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘நான் பணியை விட்டு விலகவில்லை; ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்தேன். முதலாளி வேறு காரணத்தைப் பதிந்திருந்தால் அதை விசாரித்துத் திருத்தவும், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவின் கீழ் என் தகுதியை ஆராய்ந்து எழுத்தில் முடிவு தெரிவிக்கவும் வேண்டுகிறேன்’ என்று கேளுங்கள். ஏற்கெனவே பெற்ற 90 நாள்களையும் அக்கடிதத்திலேயே நீங்களாகச் சொல்லி, அந்தக் காலத்துக்கு இரண்டாம் முறை கோரவில்லை என்று தெளிவுபடுத்துங்கள். தகவல் உரிமைப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்; இருக்கும் சான்றுகளை இணைத்து, மற்றவை பின்னர் தாக்கல் செய்யப்படும் என்று எழுதலாம். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். மறுப்பு வந்தால் அதுவும் எழுத்தில் வரட்டும். மண்டல அலுவலகத்தில் முறையிடுவதற்கும் பின்னர் நீதிமன்றத்துக்குச் செல்வதற்கும் அந்தத் தாள் தேவைப்படும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.